பூஜ்யம் போட்டால் என்ன ஆகும்?

மார்ச் 4

பல் விளக்கும்போதே போன். ஐஸ்கிரீம் கிடங்கில் சைரன் ஓயாமல் அலறுகிறதாம். காவலாளி அதன் வாயில் துண்டை அடைத்திருக்கிறார். எல்லாம் எங்கள் ஆபீஸ் அவசரக்குடுக்கை செய்த வேலை. கதவு எவ்வளவு நேரம் திறந்திருந்தால் சைரன் அடிக்கவேண்டும் என்ற செட்டிங்கில் ஐந்து என்று போட்டிருக்கிறான். ஐந்து நிமிஷம் என்று நினைப்பு. அது செகண்டு.

அவனையும் குறை சொல்ல முடியாது. கிடங்குகளின் செட்டிங் எல்லாம் இருக்கும் எங்கள் ஃபைலில் 'கதவு நேரம்' என்ற செட்டிங்குக்குப் பக்கத்தில் விளக்கம்: 'இது கதவு நேரம்.' அடேங்கப்பா! எழுதிய மகராசன் எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்டார். திட்டக்கூட ஆளில்லை.

மார்ச் 6

லீவு கேட்டேன். தங்கைக்கு ஏப்ரலில் பிரசவம். அம்மா இல்லாத வீடு, அவளுக்கு நான்தான்.

மேனேஜர் தலையைச் சொறிந்தார். "நீ போயிட்டா அந்த ஃபைலை யாரும்மா தொடுறது?"

ஒரு நாள் முழுக்க உன்னை ஒன்றும் கேட்காமல் குடுக்கை எல்லா செட்டிங்கையும் மாற்றிக் காட்டட்டும், அப்புறம் தாராளமாகப் போ என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். எனக்கு வாய் மட்டும் முந்திக்கொள்ளும்.

மார்ச் 7

முடிவு செய்தாயிற்று. ஃபைலில் எல்லா விளக்கத்தையும் நானே புதிதாக எழுதப்போகிறேன். விளக்கம் செட்டிங்குக்கு மேல் வரியில்தான். வால் மாதிரி பக்கத்தில் தொங்கக்கூடாது. நிமிஷமா, செகண்டா, டிகிரியா — எழுத்தில் இருக்கவேண்டும். கூட்டினால் என்ன, குறைத்தால் என்ன, அதுவும். செட்டிங்கின் பெயரையே திருப்பிச் சொல்பவருக்கு டீ கிடையாது.

மார்ச் 11

பாதி ஃபைல் முடிந்தது. கழுத்து வலி. ஆனாலும் ஒரே குஷி!

மார்ச் 18

இன்று பரீட்சை. வாயைத் திறக்கக்கூடாது என்று எனக்கு உத்தரவு. அதைவிடக் கொடுமை உண்டா?

மதியம் வரை குடுக்கை ராஜா மாதிரி மாற்றிக்கொண்டே போனான். அப்புறம் ஒன்றில் நின்றான். கிடங்கிலிருந்து தகவல் போய்ச் சேராவிட்டால் எத்தனை தடவை திரும்ப அனுப்பவேண்டும் என்ற செட்டிங்.

"அக்கா, இதுல பூஜ்யம் போட்டா அனுப்பவே அனுப்பாதா, இல்ல நிறுத்தவே நிறுத்தாதா?"

நிறுத்தவே நிறுத்தாது. எனக்குத் தெரியும். எழுதத்தான் இல்லை. போச்சு, எல்லாம் போச்சு. மேனேஜர் எழுந்து போனார். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். தங்கையிடம் என்னன்னு சொல்வேன்?

மார்ச் 19

அழுதது போதும். 'பூஜ்யம் என்றால்' என்று ஒவ்வொரு செட்டிங்குக்கும் ஒரு வரி சேர்க்க உட்கார்ந்தேன். கேட்காமலே குடுக்கை பக்கத்தில் வந்து உட்கார்ந்து பாதியை எடுத்துக்கொண்டான். ஒவ்வொன்றிலும் பூஜ்யம் போட்டுப் பார்த்துவிட்டே எழுதுகிறான். அவசரமே இல்லை! இவனா அவன்?

மார்ச் 26

மறுபரீட்சை. ஒரு கேள்விகூட இல்லை. லீவு! நாற்காலியிலேயே ஒரு சுற்று சுற்றினேன்.

ஏப்ரல் 9

பெண் குழந்தை! வலி வந்ததிலிருந்து தங்கை என் கையை விடவே இல்லை, விரலெல்லாம் சிவந்துவிட்டது. சாயங்காலம்தான் போன் ஞாபகமே வந்தது. சார்ஜ் இல்லாமல் பைக்குள் கிடந்தது.

சார்ஜ் போட்டேன். குடுக்கையிடமிருந்து ஒரே ஒரு மெசேஜ். புதுக் கிடங்குக்காக ஒரு செட்டிங் அவனாகவே சேர்த்திருக்கிறான். மேல் வரியில் விளக்கம், அளவு, கூட்டினால், குறைத்தால், பூஜ்யம் என்றால் — ஒன்றும் விடவில்லை. கடைசியில் ஒரே ஒரு கேள்வி.

"அக்கா, பாப்பா யார் ஜாடை?"

மூக்கு என்னுடையதுதான் என்று உடனே பதில் போட்டேன். தங்கை ஒத்துக்கொள்ளமாட்டேன் என்கிறாள்.