வாப்பா கூப்பிடும் நேரம்

ஸ்கூடாய்,
வெள்ளிக்கிழமை

அன்பு மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் பிள்ளைகளும் இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை. கடல் தாண்டித் தவாவில் கடை எப்படிப் போகிறது, உங்கள் முதுகுவலி தேவலையா என்று கேட்டு நான் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் எதையும் நீங்கள் திறந்துகூடப் பார்க்கவில்லை. அதனால்தான் நாளை அங்கே வரும் ருக்னுதீன் மாமா கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். மகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியவில்லையே என்று நான் எத்தனை தடவை குறைப்பட்டிருப்பேன். இன்றைக்கு அதுவே வசதியாகப் போயிற்று. ஆப்ரின் பக்கத்தில் உட்கார்ந்து நான் எழுதுவதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

சின்னவன் காலில் கொப்புளம் உடைந்து புதுத் தோல் வருகிறது. தழும்பு நிற்கும் என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். ஃப்ளாஸ்க்கைத் திறந்து கொதிக்கிற தேத்தண்ணீரைத் தம்பி காலில் ஊற்றியவளுக்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை. எட்டு வயதுப் பிள்ளைக்குச் சூடு என்றால் என்னவென்று தெரியும். உங்களுக்கு வந்த கோபம் எனக்கும் வந்தது, அடித்தும் விட்டேன். ஆனால் "இனி ஆப்ரின்கிட்ட நான் பேச மாட்டேன், லீவு விட்டதும் ராத்தா வந்து கூட்டிட்டுப் போகட்டும்" என்று சொல்லி ஃபோனை வைத்தவர்தான், அதோடு சரி. உங்களோடு கூடப் பிறந்த ராத்தா ஜஹானாரா கெட்டவர் இல்லை. பொந்தியானில் அவர் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ரோத்தான் தொங்கும். பிள்ளையைத் திருத்த அவருக்குத் தெரிந்தது அந்தப் பிரம்பு ஒன்றுதான். அங்கே போனால் இவள் அடங்கிப்போவாள். ஆனால் நமக்கு மகளாகத் திரும்பி வருவாளா என்பதுதான் என் பயம்.

பள்ளிக்கூடத்தில் சொல்லி என்னைப் பெற்றோர் பயிற்சி வகுப்பில் சேர்த்துவிட்டார்களே, சனிக்கிழமை வகுப்பு. "முரண்டு பிடிக்கிறது பிள்ளை, பாடம் மட்டும் உம்மாவுக்கா" என்று நீங்கள் சிரித்தீர்கள். நானும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் போனேன். சொல்லிக்கொடுக்கிற மிஸ் லோஷினிக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை, இவள் என்ன எனக்குப் பிள்ளை வளர்க்கச் சொல்லித் தருவது என்று மனதுக்குள் ஒரே பொருமல். பிள்ளை ஒழுங்காக இருக்கிற நேரம் பார்த்துப் பாராட்டுங்கள் என்றார். பாலைச் சிந்தாமல் குடித்தாயே என்று பாராட்டினேன். ஆப்ரின் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்து, "உம்மா, உங்களுக்கு டெமாமா? மருந்து எடுத்து வரவா?" என்று கேட்டாள். நல்லதாக நாலு வார்த்தை பேசினால் காய்ச்சல் என்று நினைக்கிற நிலையில் பிள்ளையை வைத்திருக்கிறோம்.

போன சனிக்கிழமை ஒவ்வொருவரிடமும் மிஸ் லோஷினி கேட்டது ஒன்றுதான். பிள்ளை சேட்டை செய்கிறதே, அதற்கு முன்னால் என்ன நடக்கிறது, பின்னால் என்ன நடக்கிறது? என் முறை வந்தது. திரைச்சீலையை வெட்டியது, பக்கத்து வீட்டுக் காரில் ஆணியால் கோடு போட்டது, மாடியிலிருந்து சோற்றுப் பானையை வீசியது, கடைசியில் தம்பி கால், எல்லாம் சொன்னேன். எந்த நேரத்தில் என்று கேட்டார். எல்லாம் சாயங்காலம்தான், அவ வாப்பா ஃபோன் பண்ற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால என்றேன். நான் உடனே உங்களிடம் சொல்வேன், நீங்கள் அவளைக் கூப்பிட்டுத் திட்டுவீர்கள் என்றேன். "சரிக்கா, அவ ஒண்ணும் பண்ணாத நாள்ல?" என்று கேட்டார்.

மச்சான், என் வாயால் நானே சொன்னேன். ஒன்றும் பண்ணாத நாளில் "ஆப்ரின் சும்மாதானே இருக்கா? சரி, கடையில ஆள் வந்துட்டாங்க" என்று நீங்கள் வைத்துவிடுவீர்கள். அவள் முறை வருவதே இல்லை. திட்டுகிற நாளில் மட்டும் அவளுடைய முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, சின்ன வயதில் நீங்கள் பட்ட கஷ்டத்திலிருந்து ஆரம்பித்து, கடைப் பையன் வந்து இழுக்கும் வரை பேசுவீர்கள். அவள் அழுவாள், ஆனால் ஃபோனைக் காதிலிருந்து எடுக்க மாட்டாள். பயந்துபோய் நிற்கிறாள் என்று நினைத்தேனே, நான் ஒரு மடச்சி. உங்களோடு பேச அவளுக்கு வேறு வழி நாம் வைக்கவில்லை.

நீங்கள் கூப்பிடுவதை நிறுத்திய பிறகும் அந்த நேரத்துக்கு ஃபோன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறாள். கிழக்கே இருக்கிற உங்களுக்கு அப்போது மக்ரிப் தொழுகை முடிந்திருக்கும், இங்கே வெயில் இன்னும் இறங்கியிருக்காது. நேற்று என்னிடம் கேட்டாள்: "உம்மா, தம்பி கால்ல ஊத்தினதை வாப்பாகிட்ட சொல்லிட்டீங்களா?" சொல்லிவிட்டேன் என்றேன். "அப்புறம் ஏன் கூப்பிடலை? அது பத்தலையா?" என்றாள். அதிலிருந்து சின்னவனை இடுப்பை விட்டு இறக்கவில்லை, அடுப்படிக்குக் கதவு போட்டுப் பூட்டி வைத்திருக்கிறேன்.

ராத்தாவிடம் வர வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். நான் சொன்னால் பொல்லாப்பு. மாதம் ஒரு தடவையாவது வந்து போங்கள். முடியாவிட்டால் போகட்டும், தினமும் கூப்பிட்டு அவளிடம்தான் முதலில் பேசுங்கள். என்ன சாப்பிட்டாய், பள்ளிக்கூடத்தில் யார் பக்கத்தில் உட்கார்ந்தாய், அது போதும். என்ன செய்தாய் என்று மட்டும் கேட்காதீர்கள்.

இன்று சாயங்காலம் அவள் ஒரு காரியம் செய்துவிட்டாள். அது என்னவென்று எழுத மாட்டேன். ருக்னுதீன் மாமாவைக் கேட்டும் பிரயோசனம் இல்லை, அவருக்குத் தெரியாது. பிள்ளைகள் இரண்டு பேரும் என் கண் முன்னால்தான் இருக்கிறார்கள், அதுவரைக்கும் அல்லாஹ்வுக்கு நன்றி. சொன்னால் அடுத்த நிமிடமே கூப்பிடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். சொல்லிட்டீங்களா, சொல்லிட்டீங்களா என்று என் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கிறாள்.

அல்லாஹ் உங்கள் மனதை இளக்கட்டும். அது என்னவென்று தெரியாமலே மகளைக் கூப்பிடுங்கள் மச்சான்.

உங்கள்
தஸ்லிமா