வெள்ளிமலைக் கணினி மேசைக்குப் போதாத மூன்று துளைகள்

அனுப்புநர்:
திருமதி இராசமணி பாலசுப்பிரமணியம்,
கணினி அறைச் சாவிப் பொறுப்பாளர்,
வெள்ளிமலைத் தோட்டம், கீழ்ப்பிரிவு,
பெரகல.

பெறுநர்:
பணிப்பாளர் அவர்கள்,
தோட்டப் பெண்கள் கணினிப் பயிற்சித் திட்டம்,
பதுளை.

விடயம்: டொக்கிங் பெட்டியின் துளைகளைக் கூட்டித் தரக் கோருதலும், இரு கணினிகளைத் திருப்பி எடுக்கும் முடிவுக்கு ஆட்சேபமும்.

மதிப்புக்குரிய ஐயா,

1. 14.10.2009 புதன்கிழமை காலை பத்து மணிக்குக் கணினி அறையில் இருந்தவர்கள்: நான், பயிற்சி பெறும் கம்சலா, பூவம்மா, நல்லம்மா, தங்கள் திட்டத்திலிருந்து பரிசோதனைக்கு வந்த அலுவலர், அவருடைய வாகனச் சாரதி. வேறு ஒருவரும் இல்லை. சாரதி தம்பி தன் வேலையை நினைத்துச் சாட்சி சொல்ல வாய் திறக்காவிட்டால் நான் குறை சொல்லமாட்டேன்.

2. தாங்கள் தந்த மூன்று மடிக்கணினிகளும் பழையவை. திரை தெரிகிறது, எழுத்துக்கட்டைகள் பாதிக்கு மேல் வேலை செய்யாது, பக்கத்தில் வயர் செருகும் துளைகளும் செத்துவிட்டன. மடிக்கணினியை மேலே பொருத்தும் டொக்கிங் பெட்டியில் ஏற்றி, அதன் பின்பக்கத் துளையில் வெளி கீபோர்டைச் செருகினால்தான் எழுதலாம். பெட்டியோ ஒன்று. துளை மூன்று. கீபோர்டுக்கு ஒன்று, மவுஸுக்கு ஒன்று, மிச்சத்தில் பிரிண்டர் அல்லது பென் டிரைவ். ஒருத்தி தன் கணினியை இறக்கினால்தான் அடுத்தவள் ஏற்றலாம். யார் எத்தனை மணிக்கு ஏற்றினார், இறக்கினார் என்று ஏழு மாதமாகக் கொப்பியில் எழுதி வருகிறேன். ஒரு நாளும் விடவில்லை.

3. என் பிழையையும் மறைக்கவில்லை. சரஸ்வதி பூசையன்று மேசைக்குப் பொட்டு வைத்தபோது ஒரு துளைக்குள் சந்தனம் இறங்கிவிட்டது. மறுநாளே ஊசியில் பஞ்சு சுற்றித் துடைத்தேன். துளை வேலை செய்கிறது. மஞ்சள் கறை மட்டும் போகவில்லை.

4. அலுவலர் அந்தக் கறையைப் பார்த்து, "உதென்ன, ஓட்டைக்குமோ படையல்?" என்று சிரித்தார். பிறகு எங்களைக் கேளாமலே கீபோர்டைக் கழற்றிவிட்டு, அதே துளையில் தம் கைத்தொலைபேசியைச் சார்ஜ் ஏறப் போட்டார். கம்சலா தட்டிக்கொண்டிருந்த பாதிப் பக்கத்தோடு கையை மடக்கிக்கொண்டு இருந்தாள். நல்லம்மா, "அப்ப ஒங்க போனுக்கு மட்டும் படையல் போடலாமுங்களா ஐயா?" என்று கேட்டார். அலுவலர் பூவம்மா வைத்த தேத்தண்ணீரைக் குடித்தார், பிஸ்கட் தட்டைக் காலி செய்தார். 10.20க்குச் செருகியது 12.05க்குக் கழன்றது. கொப்பியில் உண்டு.

5. வெள்ளிக்கிழமை அவருடைய அறிக்கையின் பிரதி வந்தது. "பரிசோதனை நேரத்தில் எவரும் தட்டச்சு செய்யவில்லை. இரு கணினிகள் சும்மா கிடக்கின்றன. சமயச் சடங்கினால் பெட்டி பழுது. 31ஆம் திகதி இரண்டும் மீளப் பெறப்படும்." எழுதவிடாமல் செய்தவரே எழுதவில்லை என்று எழுதியிருக்கிறார். திருநீறு பூசிய கையால் வேறு சொல் எழுத மனமில்லாததால் இத்துடன் விடுகிறேன்.

6. நவம்பர் 21இல் கம்சலாவுக்குத் தட்டச்சுச் சோதனை. மூன்று கணினி உள்ள அறையில்தான் சோதனை வைக்கலாம் என்பது தங்கள் திட்டத்தின் விதி. இரண்டைக் கொண்டுபோனால் இங்கே சோதனை இல்லை; அடுத்தது ஒரு வருடம் கழித்து. பண்டாரவளையில் அவளை வேலைக்கு எடுக்கச் சம்மதித்த மருந்துக்கடைக்காரர் டிசம்பர் வரைக்கும்தான் காத்திருப்பார். கொழுந்துக்கூடையை இறக்கிவைத்துவிட்டு ஏழு மாதம் ஓடி வந்த பிள்ளை அவள்.

7. ஆகவே, கணினிகளை எடுப்பதை நிறுத்தி, மற்ற இரண்டையும் ஏற்ற இரு டொக்கிங் பெட்டிகளும், கீபோர்ட், மவுஸ், பிரிண்டர், பென் எல்லாம் ஒருசேரச் செருகத் துளைகளைக் கூட்டும் இணைப்பு ஒன்றும் தந்துதவுமாறு வேண்டுகிறேன். அறிக்கையைக் கொப்பியோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் வேண்டுகிறேன். கொப்பியை நேரில் கொண்டுவருவேன், தபாலில் விடமாட்டேன்.

இம்மனுவை அதே மேசையில் நானே தட்டச்சு செய்தேன். மவுஸ் துளை நேற்றிலிருந்து ஆட்டம் கண்டு, மவுஸை மூன்றாம் துளைக்கு மாற்றியிருப்பதால், அச்செடுக்கக் கீபோர்டைக் கழற்ற வேண்டும். கழற்றிய பிறகு பிழை கண்ணில் பட்டாலும் திருத்த இயலாது, பொறுத்தருளவும்.

31ஆம் திகதிக்கு முன் பதில் அனுப்புங்கள் ஐயா.

இடம்: பெரகல
திகதி: 19.10.2009

இப்படிக்கு,
இராசமணி பாலசுப்பிரமணியம்