வலது காலின் குளிர்

என் ஆசை அண்ணே,

மூணாற்றில் மறுபடியும் உறைபனி விழத் தொடங்கிவிட்டது. காலையில் ஜீப் கண்ணாடியைச் சுரண்டும்போதெல்லாம் உன் நினைப்புத்தான். போன வருடம் இதே பனியில்தான் நீ போனாய். நான்தான் உன்னைத் தவறவிட்டேன்.

வயிற்றுக்குள் ஓடும் பெரிய ரத்தக்குழாய் வீங்கியிருக்கிறது, வெடித்தால் பிழைப்பது கஷ்டம் என்று மலைக்குக் கீழே பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நீ ஒன்றே ஒன்று கேட்டாய். "வயித்தக் கிழிப்பீகளா டாக்டரே?"

கிழிக்கவில்லை. இரண்டு தொடை இடுக்கிலும் துளை போட்டு, துணி சுற்றிய கம்பிக் குழாயை உள்ளே வைத்தார்கள். அது கீழே கால்சட்டை மாதிரி இரண்டாகப் பிரிந்து இரு கால்களுக்கும் ரத்தம் கொண்டுபோகும் என்றார்கள். மூன்றாம் நாளே நீ நடந்தாய். உன்னோடு தேயிலை பேக்டரியில் வேலை பார்த்தவர்கள் நம் தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்து, சட்டையைத் தூக்கிப் பார்த்து, "தழும்பே இல்லியேப்பா, இதெல்லாம் ஒரு ஆப்ரேசனா?" என்று கிண்டல் செய்தார்கள். நீயும் சிரித்தாய். நானும்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது, கால் மரத்தாலோ சில்லிட்டாலோ உடனே கொண்டுவரச் சொல்லி நர்ஸ் என்னிடம்தான் சொன்னார். மண்டையை ஆட்டிவிட்டு அந்தச் சீட்டை ஜீப்பில் செருகினேன்.

பத்தாம் நாள் சாயங்காலம் நீ சொன்னாய்: "தம்பி, காலு சில்லுன்னு கெடக்குடா. கெண்டக்காலு பிடிச்சு இழுக்கு."

"இந்தப் பனியில யாருக்குண்ணே காலு சுடுது?" என்றேன்.

நீ நீட்டிய வலது காலுக்கு மதினி தைலம் தேய்த்தார். நீ கம்பளி சாக்ஸை மாட்டிக்கொண்டு அடுப்புப் பக்கம் உட்கார்ந்தாய். மார்கழியில் இந்த மலையில் எல்லோருக்கும் கால் சில்லிடும்தான். ஆனால் இரண்டு காலும் சில்லிடும். இடது காலை ஒரு தடவை தொட்டிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். ஏன் தொடாமல் போனேன் அண்ணே?

காலையில் சாக்ஸைக் கழற்றினால் வலது பாதம் நீலம் பாரித்திருந்தது. ஜீப்பில் வளைவுக்கு வளைவு நீ முனகினாய். அந்தக் குழாயின் ஒரு பக்கம் ரத்தம் உறைந்து அடைத்துவிட்டதாம். "நேத்தே வந்திருந்தா…" என்று டாக்டர் பாதியில் நிறுத்திக்கொண்டார். அடைப்பை எடுத்தார்கள். அதற்குள் செத்த சதையின் நஞ்சு கிட்னியைப் பிடித்துவிட்டது. நான்கு நாள்தான் இருந்தாய்.

லயத்து வாசலில் கிடத்தி, உன் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டச் சொன்னார்கள். அப்போதுதான் உன் இரண்டு கால்களையும் தொட்டேன். இரண்டும் ஒரே மாதிரி குளிர்ந்திருந்தன.

இப்போது ஒரு சேதி. கூடப் பிறந்தவனுக்கும் அந்த வீக்கம் இருக்கலாம் என்று டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருந்தார். எனக்கும் இருக்கிறது அண்ணே. அடுத்த வாரம் எனக்கும் அதே குழாய்தான். பயமாக இருக்கிறது. உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

நேற்று மதினி வந்தார். நான் வீடு திரும்பியதும் தினமும் வந்து என் காலைத் தொட்டுப் பார்க்கப் போகிறாராம். பதறிப்போனேன். "மூத்தவுக நீங்க என் காலத் தொடலாமா மதினி?"

"அன்னைக்கு ஒத்தக் காலத்தான் தொட்டேன் தம்பி," என்றார். "இனிமே ரெண்டையும் தொடுவேன்."

கூச்சப்படாமல் நீட்டுவேன் அண்ணே. இரண்டு கால்களையும் நீட்டுவேன். இது சத்தியம்.

உன் கூடப் பிறந்த தம்பி