என் பக்கத்துல இடம் இருக்கு

கண்ணு,

அதுக்காக நீ சபைக்கே போகமாட்டேன்னா எப்படிம்மா? உங்கப்பனப் பத்தி நான் ஒண்ணும் எழுதல. அது அவனுக்கும் ஆண்டவருக்கும் உள்ளது. அவனை ஊழியத்துல இருந்து நிறுத்தினதும், "போதகர் மகள்னு இனிமே எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போறது அத்தை?"ன்னு கேட்டியே, அதுக்குத்தான் இந்தக் கடுதாசி.

நான் குடிவந்த இந்த ஊர் சபைல புதுசா வந்தவங்களை எழுந்து நின்னு பேசச் சொன்னாங்க. நானும் வழக்கம்போல, "மூணு தலைமுறையா ஊழியக் குடும்பம், என் தம்பி..."ன்னு ஆரம்பிச்சேன். தம்பின்னதோட நிறுத்திட்டேன். அத்தைக்குக் கூட பேச்சு நின்னுச்சான்னு சிரிக்காத!

பக்கத்துல இருந்த அம்மா என் கையப் புடிச்சி, "ஆண்டவரைத் தேடித்தானே வந்தீங்க? உக்காருங்கக்கா, கால் வலிக்கப் போவுது"ன்னாங்க. அதுக்கு மேல யாரும் ஒண்ணும் கேக்கல. அன்னிக்கு யாரு வீட்டுப் பொண்ணாவும் இல்லாம, வெறும் ஆளா ஜெபம் பண்ணேன். மனசு லேசா இருந்துச்சு கண்ணு.

ஞாயித்துக்கிழமை வா. என் பக்கத்துல இடம் போட்டு வைக்கிறேன்.

உன் அத்தை

இப்பத்தான் ஞாபகம் வருது. உங்கப்பன் உனக்கு ஞானஸ்நானம் குடுக்கறப்ப "என் மகளே"ன்னு கூப்பிடுவான், அழுவோம்னு நான் கைக்குட்டையோட நின்னேன். என் தம்பி மத்தவங்களுக்குச் சொன்ன மாதிரியே உன் பேரை மட்டும்தான் சொன்னான்.