பாடியது என் மருமகளேதான்

அனுப்புநர்:
மெல்லிசைக் குழுப் பாடகியின் மாமியார்,
தையற்கடை உரிமையாளர்,
மணிக்கூண்டுப் பின்தெரு.

பெறுநர்:
ஆணையர் அவர்கள்,
பொது அரங்குகள் நிர்வாகம்.

பொருள்: நகர அரங்கில் என் மருமகள் நேரில் பாடியதைப் "பதிவுக் குரல்" என்று எழுதி, அவளுக்கு ஓராண்டு மேடைத் தடை விதித்த ஆணையை நீக்கக் கோருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆணையர் ஐயா,

1. மருமகளுக்காக மாமியார் மனு எழுதுவது ஊரில் அதிகம் நடக்கிற காரியமில்லை. இதைத் தட்டச்சு செய்து தந்தவரே, "மருமக மேல புகாரா, மருமகளுக்காகப் புகாரா?" என்று ஒன்றுக்கு இரண்டு முறை கேட்டுக்கொண்டார். மருமகளுக்காகத்தான். அன்றைய நிகழ்ச்சியை முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தவள் என்ற முறையில் இதைத் தங்கள் பார்வைக்கு வைக்கிறேன்.

2. என் மகன் குழுவில் கீபோர்டு வாசிக்கிறான். பாடுவது மருமகள். பயிற்சிக்கென்று அவளுக்குத் தனி அறை கிடையாது. என் தையற்கடையின் பின்கட்டில், தையல் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருக்க, துணி மூட்டைகளுக்கு நடுவே நின்று பாடுவாள். அத்தனை இரைச்சலுக்கும் மேலே, கத்தாமல், தன் குரலை எழுப்பப் பழகியவள். பித்தான் தைக்கும் பெண்கள் ஊசியைக் கையில் பிடித்தபடி தைக்க மறந்து உட்கார்ந்திருப்பார்கள். வேலை கெடுகிறது என்று நான் ஒரு நாளும் அதட்டியதில்லை. நானும் கேட்டுக்கொண்டுதான் இருப்பேன்.

3. நாங்கள் புதிய கருவிகளுக்கு எதிரிகள் அல்ல. முன்பு ஒரு வேன் நிறைய ஏற்றிச் சென்ற வாத்தியங்களின் ஓசை இன்று மகனின் கீபோர்டுக்குள் அடங்கிவிட்டது. மருமகள் காதுக்குள் சின்னஞ்சிறு ஒலிபெருக்கியைச் செருகிக்கொண்டு பாடுகிறாள். அதனால் சுருதி இன்னும் சுத்தமாக நிற்கிறது என்று அவளே சொல்வாள். தங்கள் நிர்வாகம் மேடைக்குப் பின்னால் பெரிய திரை அமைத்து, கடைசி வரிசைக்காரருக்கும் பாடகர் முகம் தெரியும்படி செய்தபோது எல்லோரையும்போல நானும் மகிழ்ந்தேன்.

4. அந்தத் திரைதான் அன்று எங்களைக் கவிழ்த்தது. குரல் உடனே வந்தது. திரையில் முகம் சற்றுத் தாமதமாக வந்தது. அவள் ஒரு வரியைப் பாடி முடித்து வாயை மூடிய பிறகு, திரையில் அவள் வாய் அந்த வரியின் கடைசிச் சொல்லைச் சொல்லிக்கொண்டிருந்தது. அதற்கு முன்பு வந்த சில குழுவினர், பதிவு செய்த பாட்டை ஓடவிட்டு வெறுமனே வாயசைத்து மக்களை ஏமாற்றியிருந்தார்கள். சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேருமா? பின்வரிசையிலிருந்து ஒருவர், "ஏமாத்தறாங்க! சும்மா வாயசைக்கறாங்க!" என்று கத்தினார். அரங்கமே அவரோடு சேர்ந்துகொண்டது. கைபேசிகள் உயர்ந்தன.

5. என் மகன் வாசிப்பதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான். அவள் அழவில்லை, யாருடனும் வாதாடவும் இல்லை. காதிலிருந்ததைக் கழற்றினாள், ஒலிவாங்கியைத் தரையில் வைத்தாள், படியிறங்கி வந்து நாற்காலிகளுக்கு நடுவே நின்றாள். விட்ட வரியிலிருந்தே பாடினாள். துணைக்கு ஒரு வாத்தியமும் இல்லை. முதலில் பக்கத்திலிருந்தவர்கள் அடங்கினார்கள். பிறகு அந்த அமைதி வரிசை வரிசையாகப் பின்னால் போயிற்று. பாட்டு முடிந்தபோது கடைசி வரிசைதான் முதலில் எழுந்து நின்றது. ஐயா, நான் பெற்ற மகள் இல்லை அவள். ஆனால் அந்த நேரம் பக்கத்து நாற்காலிக்காரரிடம், "எங்க வீட்டுப் பொண்ணு" என்று நான் சொன்ன சத்தம் நாலு வரிசைக்குக் கேட்டிருக்கும்.

6. இத்தனைக்கும் பிறகு அரங்க மேலாளரின் அறிக்கையில் இரண்டு குற்றங்கள் உள்ளன. ஒன்று, பாடகி பதிவுக் குரலைப் பயன்படுத்தினார். மற்றொன்று, அனுமதியின்றி மேடையை விட்டு இறங்கி, ஒலிவாங்கி இல்லாமல் பாடினார். ஒரே தொண்டை ஒரே பாட்டில் பாடாமலும் பாடியும் எப்படிக் குற்றம் செய்யும் என்பது எனக்கு விளங்கவில்லை. முன்பாதியை மட்டும் வெட்டி எடுத்த காணொளி இதற்குள் ஊரைச் சுற்றிவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் அலுவலக முத்திரையோடு வருவது ஊர் வாய் அல்லவே.

7. மேலாளர் கெட்ட எண்ணம் உள்ளவர் என்று நான் சொல்லவில்லை. எங்களை அறைக்கு அழைத்து, தண்ணீர் கொடுத்து, "மன்னிப்புன்னு ஒரு வரி எழுதிக் கொடுத்துடுங்கம்மா, தடையை எடுத்துடறோம்" என்று தணிவாகத்தான் சொன்னார். மகன் பேனாவைக்கூட எடுத்துவிட்டான். மருமகள் என் பக்கம் திரும்பி, "பாடினதுக்கு எப்படி அத்தை மன்னிப்பு கேக்கறது?" என்றாள். மூவரும் எழுந்து வந்துவிட்டோம்.

8. அன்று கத்தியவர் ஒரு பேருந்து ஓட்டுநர். விசாரித்துக்கொண்டு என் கடைக்கே வந்து, "அம்மா, கத்தினது நான்தான். திரையைப் பாத்தேன், அவங்களப் பாக்கல. எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன்" என்றார். தாம் கண்டதைத் தம் கைப்படவே எழுதி ஒப்பமிட்டுத் தந்திருக்கிறார், இத்துடன் இணைத்துள்ளேன். அரங்கின் ஒலி, ஒளிப் பொறியாளரும், திரையில் தாமதம் இருப்பது உண்மை, சரிசெய்யக் கூடியதுதான் என்று எழுதிக் கொடுத்துள்ளார். அதையும் இணைத்துள்ளேன்.

9. ஆகவே, தடை ஆணையை நீக்க வேண்டுகிறேன். திரையைக் கழற்ற வேண்டாம், செம்மைப்படுத்தினால் போதும். நாளை அங்கே பாடப்போகும் யாருக்கும் இந்த அவமானம் நேரக்கூடாது. நட்ட ஈடு எதுவும் கேட்கவில்லை. மேலாளரின் அறிக்கையில் "பதிவுக் குரல்" என்று இருக்கும் இடத்தில் "சொந்தக் குரல்" என்று திருத்தி, அதன் படியொன்றை அரங்க வாசலில் ஒட்டச் செய்யுங்கள். ஐயம் ஏதும் எஞ்சியிருந்தால் தாங்களே ஒரு நாள் கடைக்கு வாருங்கள். முன்கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை. காலையில் எந்த நேரமும் அவள் பாடிக்கொண்டுதான் இருப்பாள். உட்கார நாற்காலி போடுகிறேன்.

தங்கள் நியாயத்தை நம்பும்,
(ஒப்பம்)
பாடகியின் மாமியார்

இடம்: மணிக்கூண்டுப் பின்தெரு
நாள்: இம்மாதம் பதினான்காம் தேதி

இணைப்பு: பேருந்து ஓட்டுநரின் வாக்குமூலம், பொறியாளரின் குறிப்பு.