அடுக்களையில் கேட்ட அழுகை

ஏட்டி,

தொண்டையில குழாய் போட்டபிறகு எதையும் எழுதித்தானே கேக்க முடியுது. ஆஸ்பத்திரி கவுன்சலிங் சார் எல்லா வியாழக்கிழமையும் எனக்கு ஆறுதல் சொல்லத்தானே வீட்டுக்கு வாறாரு? என்கிட்ட ரெண்டு வார்த்தை. பிறகு அடுக்களையில உன்கூடத்தான் இருப்பு. கட்டன்சாயா வேற!

இன்னைக்கு நீ அவருகிட்ட தேம்பித் தேம்பி அழுதது இங்க கட்டில்வரை கேட்டுது. பிறகு முகத்தைக் கழுவிட்டு, சிரிச்சுக்கிட்டே எனக்கு மருந்து கொண்டுவந்தே. எனக்குப் பத்திக்கிட்டு வந்துது. எனக்க சீக்குக்கு நீ விடுற கண்ணீரு, அவரு முன்னால எதுக்கு?

கடலுக்குப் போறவன் முன்னால அழக்கூடாதுன்னு, இத்தனை வருஷமும் என்னைச் சிரிச்சே வள்ளத்துல ஏத்திவிட்டே. அந்தப் பழக்கம்தான் உன்னை விடலை. ஆனா அது திரும்பி வாறவனுக்கு உள்ள வழக்கம்லா?

இனி எனக்க பக்கத்துல இருந்து அழு, மக்கா.

உனக்க மாப்பிள்ளை