பச்சைப் பட்டனை அமுக்காதே

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, உடம்பைப் பார்த்துக்கொண்டு இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் போன செவ்வாய் வரைக்கும் உன் அம்மா நலமாக இல்லை, அதற்குக் காரணம் நீயும் நானும். போனில் பேசினால் நான் கத்துவேன் என்று அம்மா போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள், அதனால்தான் காகிதம்.

பழைய டீசல் கார் ஒன்றைப் பார்த்து வைத்திருப்பதாகவும், வாங்கும் முன் சோதிக்க, காரில் மாட்டினால் கோளாறைப் படித்துச் சொல்லும் ஸ்கேனர் சின்னதாக ஒன்று சொல்லும்படியும் கேட்டிருந்தாய். உதிரிபாகக் கடைத் தெருவில் அரை நாள் அலைந்தேன், அத்தனையும் குப்பை. கடைக்காரர் தீப்பெட்டி அளவு பிளாஸ்டிக் ஒன்றைக் கையில் திணித்து, "சார், இன்ஜின் லைட் எரிஞ்சா ஒரே பட்டன், உடனே போயிடும்" என்று ஏதோ மருந்து கண்டுபிடித்தவர் மாதிரி சொன்னார். லைட் போகும், கோளாறு எங்கே போகும் என்று கேட்டேன். "அத மெக்கானிக் பாத்துக்குவாங்க சார்" என்றார். நான்தான் அந்த மெக்கானிக் என்று சொல்லக்கூடப் பிடிக்காமல் இறங்கி வந்துவிட்டேன். கடைசியில் எங்கள் பட்டறை எலெக்ட்ரீஷியன் தன்னுடையதைக் கொடுத்தார், வண்ணத் திரை கிடையாது, பார்க்க அசிங்கமாக இருக்கும், ஆனால் வேலை தெரிந்தது. அந்த மாதிரி வாங்கு. இன்ஜின் ஓடும்போதே எண்களைக் காட்ட வேண்டும், கோளாறு விழுந்த நொடியில் வண்டி என்ன வேகத்தில், என்ன சூட்டில் இருந்தது என்பதும் தெரிய வேண்டும். டீசல் என்பதால் புகைக்கரி வடிகட்டி எவ்வளவு அடைத்திருக்கிறது என்றும் பார்க்க வேண்டும், அதை எல்லாக் கருவியும் எல்லா வண்டியிலும் படிக்காது, கடைக்காரன் பேச்சை நம்பாமல் அதே மாதிரி வண்டியில் மாட்டிக் காட்டச் சொல். முக்கியமாக, கோளாறுப் பதிவைக் கடைசியாக அழித்த பிறகு வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று காட்ட வேண்டும். விற்கிறவன் காலையில் அழித்துவிட்டு மத்தியானம் சாவியை நீட்டினால் அங்கே சின்ன எண்தான் நிற்கும். நின்றால் பேரம் பேசாதே, எழுந்து வந்துவிடு.

எலெக்ட்ரீஷியன் கொடுத்தது ஒழுங்காகப் படிக்கிறதா என்று பார்க்க அம்மாவின் காரில் மாட்டினேன். கோளாறு இல்லை என்றது. அழித்த பின் ஓடிய தூரம் பதினெட்டு கிலோமீட்டர் என்றது. அந்த வண்டியில் நான் ஒரு நாளும் எதையும் அழித்ததில்லை. உள்ளே போய்க் கேட்டால் உன் அம்மா, "நான்தாங்க. லைட் வந்தா பச்சைப் பட்டனை அமுக்கும்மான்னு புள்ளதான் சொல்லிக்குடுத்தான்" என்று சொல்லி, சீட்டுக்கு அடியில் துணியில் சுற்றி வைத்திருந்ததை எடுத்து வந்தாள். நீ அனுப்பிய பரிசு, அதே தீப்பெட்டி. ஆறு மாதமாக, வாரத்துக்கு இரண்டு தடவை அமுக்கியிருக்கிறாள். பானெட்டைத் திறந்தேன். கரி வடிகட்டியின் அழுத்தத்தைச் சென்சாருக்குக் கொண்டுபோகும் ஒரு சாண் ரப்பர் குழாய் வெந்து பிளந்து கிடந்தது, அதில் கசிந்த புகை, வெளிக்காற்றை இழுக்கும் துளை வழியாக நேரே காருக்குள் போயிருக்கிறது. காருக்குள் வரும் காற்றை வடிகட்டும் காகிதத்தை உருவினேன், வெள்ளையாக இருக்க வேண்டியது அடுப்புக்கரி மாதிரி வந்தது, விரலில் ஒட்டிய பிசுக்கு மூன்று தடவை சோப்புப் போட்டும் போகவில்லை. இதைத்தானடா உன் அம்மா தையற்கூடத்துக்குப் போகும்போதும் வரும்போதும் கண்ணாடியை ஏற்றிவிட்டு மூச்சாக இழுத்திருக்கிறாள். தினமும் தலைவலி, குமட்டல். வலியில் கத்துகிற வண்டியின் வாயில் துணியை அடைக்கத்தான் நீ சொல்லிக்கொடுத்திருக்கிறாய், அதுவும் இன்ஜினியரிங் படித்துவிட்டு, தூ. நான் மட்டும் என்ன கிழித்தேன், மூக்குக்கண்ணாடியை மாற்று என்றேன், இரண்டு முறை மாற்றினாள். மோட்டார்சைக்கிளில் போய் ஊரார் வண்டிக்கெல்லாம் மருத்துவம் பார்த்த எனக்கு, அந்தக் காரில் ஒரு நாள் ஏறி உட்காரத் தோன்றவில்லை.

வீட்டிலேயே ஒரு டீசல் மெக்கானிக்கை வைத்துக்கொண்டு ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். "சொன்னா என்ன ஆச்சுன்னா கேப்பீங்க? என்ன பண்ணித் தொலைச்சேன்னுதானே கேப்பீங்க" என்றாள். உன் தங்கை வேறு நடுவில் புகுந்து, "அந்தப் பட்டனை அப்பாவுக்கும் ஒரு தடவை மாட்டிப் பாரும்மா" என்றாள், இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உன்மேல் வந்த அருவருப்பில் பாதிக்குமேல் என் பக்கம் திரும்பி நின்றது, அதை எழுதாமல் விட்டால் நானும் பச்சைப் பட்டனை அமுக்கினவன் ஆவேன்.

குழாயும் காகிதமும் மாற்றியாயிற்று. டாக்டர் ரத்தம் பார்த்தார், பயமில்லை என்றார். நேற்றுச் சாயங்காலம் வேலை முடிந்து வந்த உன் அம்மா மாத்திரை டப்பாவைத் தேடாமல் நேரே தையல் மெஷினில் உட்கார்ந்து, பழைய மூக்குக்கண்ணாடியோடே ஊசியில் நூல் கோத்தாள். நல்ல வண்டியாக, நல்லபடியாக உனக்கு அமையட்டும், தீர்க்காயுசாக இரு. எண்ணெய் பார்க்காமல் தூரம் போகாதே. லைட் எரிந்தால் எதையும் அமுக்காமல் எனக்குச் சொல், என்ன பண்ணித் தொலைச்சே என்று கேட்க மாட்டேன். கேட்டுவிட்டால் போனை அம்மாவிடம் கொடுக்கச் சொல்.

ஆசிகளுடன்,
உன் அப்பா